பழைய போர்ஷே 911 காரில் நீண்ட வீல் ஸ்டட்டும் ஸ்பேசரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றால் குளிரும் என்ஜின் கொண்ட பழைய 911 வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சக்கர வேலையில் பல ஆண்டுகளாகக் கைகொடுத்து வருகிறேன். ஸ்பேசர் போட வேண்டும் என்று வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே ஐயங்களையே கேட்கிறார்கள். ஆகவே கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்து, விடைகளை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். இங்குள்ள அளவுகள் 1974 முதல் 1989 வரை வந்த 911 வகைகளை மனத்தில் கொண்டவை. அவற்றில் ஒரு சக்கரத்துக்கு ஐந்து ஸ்டட்டுகள், ஸ்டட் வட்டத்தின் விட்டம் 130 மி.மீ., மரை எம்14×1.5 (14 மி.மீ. விட்டம், ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. நகர்வு), நட்டை இறுக்க வேண்டிய முறுக்கு 130 நியூட்டன் மீட்டர்.

1. ஸ்டட் எது, ஸ்பேசர் எது? எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

சக்கரம் போய் ஒட்டுகிற சுழலும் பாகத்தின் பெயர் ஹப். அதன் தட்டையான முகத்தில் பின்புறமிருந்து அழுத்திச் செருகப்பட்டு, முன்புறம் மரையோடு நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து எஃகுத் தண்டுகளே ஸ்டட்டுகள். சக்கரத்தின் ஐந்து துளைகளை அவற்றின்மேல் ஏற்றி, வெளியிலிருந்து நட்டுகளைப் போட்டு இறுக்குகிறோம். பல கார்களில் ஸ்டட் இருக்காது. போல்ட்டைத்தான் நேரடியாக ஹப்பில் திருகுவார்கள். பழைய 911 அந்த வகை அல்ல.

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் உலோகத் தட்டு. அதன் தடிமன் எவ்வளவோ அவ்வளவு தூரம் சக்கரம் வெளியே தள்ளப்படுகிறது. அதே அளவுக்கு நட் பிடிக்க வேண்டிய மரையும் குறைந்துவிடுவதால்தான் நீண்ட ஸ்டட் தேவைப்படுகிறது. ஸ்பேசரையும் ஸ்டட்டையும் ஒரே வேலையாகக் கருத வேண்டிய காரணம் இதுதான்.

2. இது வெறும் அழகுக்காகத்தானே? போர்ஷே கொடுத்ததைவிட நமக்கு என்ன கூடுதலாகத் தெரியும்?

பெரும்பாலும் தோற்றத்துக்காகத்தான் கேட்கிறார்கள். மட்கார்டுக்குள் சக்கரம் உள்ளடங்கிக் கிடப்பதைப் பலர் விரும்புவதில்லை. ஆனால் வேறு காரணங்களும் உண்டு: பெரிய பிரேக் காலிப்பர் ரிம்மில் இடிக்காமல் இருக்க வேண்டும், அகலமான டயரின் உட்பக்கம் சஸ்பென்ஷன் பாகங்களில் உரசாமல் இருக்க வேண்டும், வேறொரு காருக்குச் செய்த ரிம்மை இந்தக் காரில் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். போர்ஷேவே 911-இன் டர்போ வகையான தன் 930-இன் பின் சக்கரங்களுக்குத் தொழிற்சாலையிலேயே ஸ்பேசரும் அதற்கேற்ற நீண்ட ஸ்டட்டும் பொருத்தி விற்றிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, அந்தக் கால 911-களுக்குப் போர்ஷே கொடுத்த ஃபுக்ஸ் என்னும் அலுமினிய ரிம்களின் அளவுகள் மிக நல்ல பாடம். ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆஃப்செட் என்கிறோம். 6 அங்குல ஃபுக்ஸுக்கு அது 36 மி.மீ., 7 அங்குலத்துக்கு 23.3, 8 அங்குலத்துக்கு 10.6. ஒவ்வொன்றின் பாதி அகலத்தோடும் அதன் ஆஃப்செட்டைக் கூட்டிப் பாருங்கள்: மூன்றிலும் 112.2 மி.மீ. என்றே வரும். அதாவது ரிம்மின் உள் விளிம்பு மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. அகலம் கூடியது முழுவதும் வெளிப்பக்கம்தான். உள்ளே இடமில்லை என்று போர்ஷேவின் பொறியாளர்கள் எடுத்த முடிவு அந்த எண்ணிலேயே தெரிகிறது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் ஸ்பேசர் வேலை எனக்கு விளங்கத் தொடங்கியது.

3. காரின் எடை முழுவதும் அந்த ஐந்து ஸ்டட்டுகளில்தானே தொங்குகிறது? நீளமாக்கினால் வளைந்து ஒடியாதா?

எடை ஸ்டட்டுகளில் தொங்குவதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் நுண்ணிய அளவில் இழுபட்டு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப முயலும் அந்த இழுவிசையே சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. 130 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய எம்14 ஸ்டட் ஒன்றின் அழுத்தம், தோராயக் கணக்கில், நான்கு முதல் ஐந்து டன் எடைக்குச் சமம். ஐந்தும் சேர்ந்தால் இருபது டன்னுக்கு மேல். அந்த அழுத்தத்தால் இரண்டு முகங்களுக்கு இடையே எழும் உராய்வே எடையையும் பிரேக்கின் விசையையும் தாங்குகிறது. ஸ்டட்டின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. அது பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்றால் பிடிப்பு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள்.

ஆனால் இந்த உராய்வில் கிடைக்கும் உபரி நாம் நினைப்பதைவிடக் குறைவு. டயர் தரையைத் தொடும் இடம் மையத்திலிருந்து ஏறத்தாழ 31 செ.மீ. தொலைவில் இருக்கிறது. ஸ்டட்டுகளோ வெறும் 6.5 செ.மீ. தொலைவில் நிற்கின்றன. முழு வேகத்தில் பிரேக்கை மிதிக்கும்போது இந்த நெம்புகோல் வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தால், உலோகம் உலோகத்தோடு நேராக ஒட்டிய நிலையிலேயே தேவையைப்போல் ஏறத்தாழ இரு மடங்குதான் கையிருப்பில் இருக்கிறது. நட்டுகளில் ஒன்றிரண்டு தளர்ந்தால் அந்த இரு மடங்கு எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நீண்ட ஸ்டட் வலுக்குறைந்தது என்ற எண்ணமும் தவறு. ஒரே விசைக்கு நீண்ட தண்டு அதிகமாக நீளும். முகங்களுக்கு நடுவில் ஏதாவது சற்றே அமுங்கினாலும், அதிகமாக நீண்டிருக்கும் ஸ்டட் தன் இழுவிசையைக் குறைவாகவே இழக்கிறது. ஆகவே தரமான நீண்ட ஸ்டட், சரியான மரைப் பிடிப்போடு இருந்தால், குட்டையானதைவிட நன்றாகவே பிடித்திருக்கும்.

4. ஸ்பேசரில் எத்தனை வகை இருக்கிறது? எதை வாங்க வேண்டும்?

முதல் வகை, வெறும் துளைகள் கொண்ட தட்டு. இருக்கும் ஸ்டட்டுகளின் மேலேயே ஏற்றிவிட்டு மேலே சக்கரத்தை வைப்பது. இரண்டாவதும் அப்படித்தான் ஏறும். ஆனால் அதன் உட்துளை ஹப்பின் மையக் காலரில், அதாவது நடுவில் வளையமாக நீட்டியிருக்கும் பகுதியில், இறுக்கமாக உட்காரும், வெளிப்பக்கத்தில் சக்கரத்தைத் தாங்க அதற்கென்று சொந்தக் காலரும் இருக்கும். மூன்றாவது, தனி நட்டுகளால் ஹப்பில் முடுக்கிவிட்டு, தன்னிடமுள்ள வேறு ஐந்து ஸ்டட்டுகளில் சக்கரத்தை ஏற்றிக்கொள்ளும் தடித்த வகை.

நான் பரிந்துரைப்பது இரண்டாவது வகையும் நீண்ட ஸ்டட்டும் சேர்ந்த இணையே. மூன்றாவது வகையில் ஹப்பிலுள்ள ஸ்டட்டை மாற்ற வேண்டியதில்லை என்பது கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் முடுக்கிய நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடுவதால் அவை தளர்ந்தனவா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதோடு, காரின் பழைய ஸ்டட்டின் முனை ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், ரிம்மின் பின்புறம் அதற்குக் குழி இருக்க வேண்டும். இல்லையெனில் ரிம் ஸ்பேசரில் ஒட்டாமல் ஸ்டட் முனைகளில் நிற்கும். அந்த நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் அது பிடிப்பே ஆகாது.

5. நான் போடுவது 5 மி.மீ. தான். அதற்குமா ஸ்டட்டை மாற்ற வேண்டும்?

அதை எண்ணித்தான் சொல்ல வேண்டும். ஸ்பேசரையும் சக்கரத்தையும் ஏற்றிவிட்டு, நட்டைக் கையால் திருகத் தொடங்கி, அது சக்கரத்தில் உட்காரும் வரை எத்தனை முழுச் சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். எஃகு நட்டாக இருந்தால் மரைப் பிடிப்பு ஸ்டட்டின் விட்டத்துக்காவது சமமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. என்பதால் 14 மி.மீ. பிடிப்புக்கு ஒன்பது சுற்றுக்கு மேல் வர வேண்டும். போர்ஷேவின் அலுமினிய நட் எஃகைவிட மென்மையானது. அதற்கு இந்தக் குறைந்தபட்சம் போதாது, நட்டிலுள்ள மரை முழுவதும் ஸ்டட்டில் ஏறியிருக்க வேண்டும்.

ஐந்து ஸ்டட்டிலும் தனித்தனியே எண்ணுங்கள். முன்பு யாராவது ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் நீளம் வேறுபடலாம். ஒன்றில் குறைந்தாலும் ஸ்டட்டை மாற்றாமல் ஸ்பேசரைப் போடாதீர்கள்.

6. அப்படியென்றால் எவ்வளவு நீளமான ஸ்டட் வாங்குவது?

விற்பனைப் பட்டியலில் போட்டிருக்கும் நீளத்தைப் பார்க்குமுன் உங்கள் காரை அளந்துவிடுங்கள். சில விற்பனையாளர்கள் தலையிலிருந்து முனை வரை மொத்த நீளத்தையும், சிலர் ஹப்புக்கு வெளியே நீளும் பகுதியை மட்டும் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது அளவு. முன்னால் ஹப்பின் முகத்திலிருந்து அளக்க வேண்டும், ஏனெனில் இந்தக் கார்களில் முன் பிரேக் டிஸ்க் ஹப்பின் பின்பக்கம் முடுக்கப்பட்டிருக்கிறது. பின்னால் டிஸ்க் ஹப்பின்மேல் உட்காருவதால் டிஸ்க்கின் முகத்திலிருந்து அளக்க வேண்டும்.

அந்த அளவோடு ஸ்பேசரின் தடிமனைக் கூட்டினால் போதும். இப்போது 45 மி.மீ. நீண்டிருந்து, நீங்கள் போடுவது 21 மி.மீ. ஸ்பேசர் என்றால், 66 மி.மீ. நீள வேண்டும். அதற்கு மேல் நான்கைந்து மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் தவறில்லை, ஆனால் நட்டின் முனை மூடியதா திறந்ததா என்று பாருங்கள். மூடிய நட்டில் ஸ்டட்டின் முனை போய் உள்ளே முட்டிவிட்டால், டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் சாவி) இறுக்கம் வந்துவிட்டதாகக் காட்டும். சக்கரமோ இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். இந்த வேலையில் நான் மிகவும் அஞ்சும் தவறு இதுவே, ஏனென்றால் கருவியே பொய் சொல்கிறது.

7. எம்14×1.5 என்று போட்டிருந்தால் எந்தக் காரின் ஸ்டட்டும் பொருந்திவிடுமா?

மரை பொருந்தும். ஹப்பில் பொருந்துவது வேறு சங்கதி. ஸ்டட்டின் தலைக்கு அடுத்து நெடுக்குவாட்டில் பல்வரி வெட்டிய ஒரு பகுதி இருக்கும். அதுதான் ஹப்பின் துளைக்குள் கடித்து, நட்டைத் திருகும்போது ஸ்டட் சுழலாமல் பிடிக்கிறது. அதன் விட்டம் சற்றுக் குறைந்தால் ஸ்டட் ஒருநாள் சேர்ந்து சுழலும். சற்று மிகுந்தால் ஹப்பின் துளை விரிசல் விடலாம். பழைய ஸ்டட் ஒன்றைக் கழற்றி, வெர்னியரால் பல்வரியின் விட்டம், பல்வரியின் நீளம், தலையின் தடிமன் ஆகிய மூன்றையும் அளந்து புதியதோடு ஒப்பிடுங்கள். தலை தடிமனாக இருந்தால் ஹப்பின் பின்னால் நிலையாக நிற்கும் பாகங்களில் இடிக்கக்கூடும்.

தரத்தைப் பொறுத்தவரை 10.9 என்னும் வலிமை வகுப்புக்குக் குறைந்த எதையும் வாங்க வேண்டாம். தரக் குறியீடே இல்லாத ஸ்டட்டை, விலை எவ்வளவு குறைந்தாலும், நான் கையால் தொடுவதில்லை.

8. மையத் துளை 71.6 என்கிறார்கள். அது சரியாக இல்லாவிட்டால் என்ன? நட்டுகளே சக்கரத்தை மையத்தில் நிறுத்திவிடுமே?

ஓரளவுக்கு நிறுத்தும். ஆனால் கனமான சக்கரத்தை ஏற்றும்போது அது மையக் காலரில் உட்கார்ந்தால்தான் நட்டுகள் ஐந்தும் சம நிலையில் தொடங்குகின்றன. காலர் இல்லாவிட்டால் சக்கரம் தன் எடையாலேயே ஒரு துளி கீழே தொங்கிய நிலையில் இறுக்கப்பட்டுவிடும். 911-இன் மையத் துளை 71.6 மி.மீ. என்பதால் ஸ்பேசரின் உள், வெளிக் காலர்கள் இரண்டும் அதே அளவில் இருக்க வேண்டும்.

இங்கே மெல்லிய ஸ்பேசர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐந்தாறு மில்லிமீட்டர் தட்டு ஹப்பின் காலரை ஏறக்குறைய விழுங்கிவிடும், சொந்தக் காலர் வைக்க அதில் இடமும் இருக்காது. ஹப்பின் காலர் எவ்வளவு நீளம் என்று அளந்து, ஸ்பேசருக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டராவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால், காலர் வைக்கப் போதுமான தடிமனுள்ள ஸ்பேசரைத் தேர்ந்தெடுங்கள் அல்லது ஸ்பேசரையே விட்டுவிடுங்கள்.

9. பழைய நட்டுகளையே போடலாமா? கடையில் பளபளப்பான நட் கொடுக்கிறார்களே?

போர்ஷே நட்டின் அடிப்பகுதி உருண்டையான இருக்கை கொண்டது. கடைகளில் பரவலாகக் கிடைப்பவை கூம்பு இருக்கை கொண்டவை. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் வைத்தால் அது மெல்லிய வளையமாக ஒரு கோட்டில் மட்டுமே தொடும். முதலில் இறுகியதுபோல் தோன்றும், பிறகு அந்தக் கோட்டில் ரிம்மின் அலுமினியம் நசுங்கி நட் தளரும். வேறு தயாரிப்பாளரின் ரிம் போட்டிருந்தால் அந்த ரிம்மின் குழி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அலுமினிய நட்டின் இருக்கையில் வண்ணப் பூச்சு தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தாலோ, மரையில் உலோகத்தூள் வந்தாலோ மாற்றிவிடுங்கள். அவற்றை இம்பாக்ட் துப்பாக்கியால் (அடித்தடித்து முடுக்கும் இயந்திரம்) ஒருபோதும் இறுக்கக் கூடாது. அடிக்கடி சக்கரம் கழற்றிப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் முனை திறந்த எஃகு நட்டுக்கு மாறுவது நல்லது. ஸ்டட்டின் முனை வெளியே தெரிவதால் பிடிப்பு போதுமா என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்.

10. முன் சக்கர ஸ்டட்டை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பொறுமையும் ஒரு பிரஸ்ஸும் (அழுத்தும் இயந்திரம்) இருந்தால் முடியும். காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. மையத்திலுள்ள கிரீஸ் மூடியை எடுத்து, பேரிங்கின் நட்டைத் தளர்த்தினால் ஹப்பும் டிஸ்க்கும் சேர்ந்து வெளியே வரும். டிஸ்க்கைப் பிரித்துவிட்டு ஹப்பைப் பிரஸ்ஸில் வைத்து, ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் நேர் அடியில் முட்டுக் கொடுத்து அழுத்த வேண்டும். சுத்தியலால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹப்பின் முகம் ஒரு மயிரிழை வளைந்தாலும் பிரேக் பிடிக்கும்போது அது ஸ்டியரிங்கில் தெரியும்.

ஹப் கையிலிருக்கும்போதே பேரிங்குகளைக் கழுவி, புதிய கிரீஸ் அடைத்து, உட்பக்க சீலை மாற்றிவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது இது கூம்புருளை பேரிங் என்பதை மறக்க வேண்டாம், மிகவும் இறுக்கினால் சூடேறிக் கெடும். பேரிங் நட்டுக்குப் பின்னாலுள்ள வாஷரை, நெம்பாமல், ஸ்க்ரூடிரைவரின் முனையால் லேசாகத் தள்ளினால் நகர வேண்டும். போர்ஷே சொல்லும் அளவுகோல் அதுதான்.

11. பின்பக்கமும் அதே மாதிரிதானா?

இல்லை, பின்பக்கம் கடினம். பின் ஹப்பைப் பேரிங்கிலிருந்து உருவும்போது பேரிங்கின் உள்வளையம் பெரும்பாலும் ஹப்போடு சேர்ந்து வந்துவிடும். அப்படி வந்த பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது. ஆகவே ஹப்பை உருவுவது என்று முடிவு செய்தால் புதிய பேரிங்கையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹப்பைக் கழற்றாமல், டிஸ்க்கையும் அதற்குள் இருக்கும் கைபிரேக் ஷூக்களையும் எடுத்துவிட்டு, திருகு அழுத்தியால் ஸ்டட்டைப் பின்னால் தள்ளி மாற்றுபவர்களும் உண்டு. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. புதிய ஸ்டட்டின் முழு நீளமும் ஹப்பின் பின்னாலிருந்து நுழைய வேண்டும். பழைய குட்டை ஸ்டட் வெளியே வந்துவிட்டது என்பதற்காக 20 மி.மீ. நீளமானது உள்ளே போகும் என்று பொருளல்ல. பழையதைத் தள்ளுவதற்கு முன்பே, பின்னால் இருக்கும் இடத்தை ஒரு கம்பித் துண்டால் அளந்துகொள்ளுங்கள்.

12. புதிய ஸ்டட்டைத் துளையில் வைத்து, முன்னால் நட்டைப் போட்டு இழுத்தே ஏற்றிவிடலாமே?

ஏறும், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பல்வரி கடித்து உள்ளே போக ஆகும் விசை முழுவதும் மரையின் வழியே போகிறது. மரை உராய்ந்து கெட்டாலோ ஸ்டட் அதன் எல்லையைத் தாண்டி இழுபட்டாலோ வெளியிலிருந்து தெரியாது. ஹப்பைக் கழற்றிய நிலையில் பிரஸ்தான் சரியான வழி. பின்பக்கத்தில் வேறு வழியே இல்லையென்றால், ஒரு தியாக நட்டையும், கடினமான தடித்த வாஷர்களையும் அவற்றுக்கு நடுவே கிரீஸையும் வைத்துக் கையால் மெல்ல இழுங்கள். இழுத்து முடித்ததும் அந்த நட்டைத் தூக்கி எறியுங்கள். ஸ்டட்டின் தலை ஹப்பின் பின்முகத்தில் முழுமையாக உட்கார்ந்ததா என்று சிறு கண்ணாடி வைத்துப் பாருங்கள். உட்காராமல் விட்டால் முதல் நூறு கிலோமீட்டரில் அது தானே உட்காரும், அப்போது இறுக்கம் போய்விடும்.

13. 130 நியூட்டன் மீட்டர் என்பது ஸ்பேசர் போட்டாலும் அதேதானா? கிரீஸ் தடவலாமா?

அதேதான். ஸ்பேசரால் முறுக்கின் அளவு மாறாது, ஏனென்றால் ஸ்டட்டின் விட்டமும் மரையும் மாறவில்லை. சக்கரம் தரையைத் தொடாதபோது ஐந்தையும் கையால் திருகி, ஒன்றுவிட்டு ஒன்றாக லேசாக இறுக்கி, பிறகு ஜாக்கியை இறக்கி டார்க் ரெஞ்சால் அதே வரிசையில் முடியுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள்.

கிரீஸைப் பொறுத்தவரை, உங்கள் காரின் கையேடு சொல்வதையே செய்யுங்கள். உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கை எண்ணெய் பூசிய மரைக்குக் கொடுத்தால் உராய்வு குறைந்து ஸ்டட் அதிகமாக இழுபடும். ஹப்புக்கும் ஸ்பேசருக்கும், ஸ்பேசருக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள தட்டை முகங்களில் எதையுமே தடவக் கூடாது. மூன்றாம் விடையில் சொன்ன உராய்வு அங்கேதான் பிறக்கிறது. எஃகு ஹப்பில் அலுமினிய ஸ்பேசர் துருவால் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, மையக் காலரில் மட்டும் மெல்லிய படலமாகப் பூசலாம்.

14. ஸ்பேசருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டினால் பார்க்க நன்றாக இருக்குமே?

பக்கவாட்டு விளிம்பில் அடியுங்கள். ஒட்டும் முகங்களில் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிடிப்புக்குள் இருக்கும் ஸ்டட்டின் நீளம் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முழு இறுக்கத்தில் அது நீள்வது தோராயமாக 0.05 மி.மீ. மட்டுமே. 21 மி.மீ. ஸ்பேசர் சேர்ந்து 51 மி.மீ. ஆனால் 0.09 மி.மீ. ஒரு நல்ல பெயின்ட் பூச்சின் தடிமனும் இதே அளவில்தான் இருக்கிறது. ஸ்பேசரின் இரு முகங்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம். பிரேக்கின் வெப்பத்தில் அந்தப் பெயின்ட் இளகி நசுங்கினால், ஸ்டட் நீண்டிருந்த நீளம் முழுவதும் மறைந்து, இறுக்கமும் மறைந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ரிம்மின் பின்முகத்துக்கும் சேர்த்துப் புதிதாகப் பூச்சு அடிக்கப்பட்டு வந்த ஒரு சக்கரத்தை அப்படியே மாட்டி, 130 வைத்து இறுக்கினேன். மறுவாரம் சரிபார்த்தபோது ஐந்து நட்டுகளும் கால் சுற்றுக்கு மேல் போயின. அன்றிலிருந்து எந்த முகத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, விரலால் தடவிப் பார்க்காமல் நான் மாட்டுவதில்லை.

15. ஸ்பேசர் போட்டால் பேரிங் சீக்கிரம் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

சக்கரத்தின் நடுக்கோடு வெளியே போகும் அளவுக்குப் பேரிங்கின்மேல் நெம்பும் விசை கூடும் என்பது உண்மை. எவ்வளவு என்பதை இரண்டாம் விடையிலுள்ள எண்களால் பார்க்கலாம். 6 அங்குல ரிம்மிலிருந்து 7 அங்குலத்துக்கு மாறும்போது தொழிற்சாலையே நடுக்கோட்டை 12.7 மி.மீ. வெளியே தள்ளியது. ஆகவே 6 அங்குல ஃபுக்ஸோடு 13 மி.மீ. ஸ்பேசர் போடுவது, பேரிங்கைப் பொறுத்தவரை, 7 அங்குல ஃபுக்ஸ் போடுவதற்குச் சமம்தான். ஆனால் ஏற்கெனவே 8 அங்குல ரிம் போட்டுவிட்டு அதற்கும் மேல் 25 மி.மீ. தள்ளுவது வேறு கதை. அப்படிச் செய்பவர்கள் பேரிங்கின் ஓசைக்குக் காது கொடுத்தே ஓட்ட வேண்டும்.

16. முன்னால் மட்டும், அல்லது பின்னால் மட்டும் போடலாமா?

பின்னால் மட்டும் போடுவது வழக்கமானதுதான். 1973-இன் கரேரா ஆர்எஸ் 2.7 காலத்திலிருந்தே 911-இன் பல வகைகளில் பின் ரிம்கள் முன் ரிம்களைவிட அகலமானவை. முன்னால் போடும்போது கவனம் கூடுதலாக வேண்டும். ஸ்டியரிங் திரும்பும் அச்சுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் ஸ்பேசரின் தடிமன் அளவுக்குக் கூடுகிறது. இந்தக் கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. அது 964 என்னும் அடுத்த தலைமுறை வந்த பிறகே 911-க்கு வந்தது. ஆகவே முன்னால் 5 முதல் 7 மி.மீ. என்றால் பெரிதாகத் தெரியாது. 20 என்றால் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங் கனக்கும், ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் சமமுமான சாலையில் பிரேக் பிடித்தால் கையைப் பிடித்து இழுக்கும்.

17. மட்கார்டில் உரசுமா என்று வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

சமதரையில் நிறுத்தி, மட்கார்டின் உள்விளிம்பிலிருந்து நூல்குண்டு தொங்கவிட்டு, டயரின் பக்கவாட்டில் மிகவும் புடைத்த இடம் வரை அளந்துகொள்ளுங்கள். ரிம்மிலிருந்து அளக்காதீர்கள், உரசுவது டயர்தான். பின் சக்கரம் மேலே எழும்போது அதன் தலைப்பகுதி சற்று உள்ளே சாயும், அது நமக்குச் சாதகம். முன்னால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, மட்கார்டின் முன்முனையிலும் பார்க்க வேண்டும். பழைய உடற்கட்டு என்பதால் இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு. நான்கு மூலையையும் தனித்தனியே அளந்து, நெருக்கமான பக்கத்தை வைத்தே முடிவெடுங்கள்.

18. என்னிடம் 7 மி.மீ. இரண்டு இருக்கிறது. அடுக்கி 14 ஆக்கலாமா?

கூடாது. ஒவ்வொரு தட்டும் நடுவில் ஒரு கூடுதல் முகத்தைக் கொண்டுவருகிறது. பதின்மூன்றாம், பதினான்காம் விடைகளில் சொன்ன எல்லாக் கவலைகளும் இரட்டிப்பாகின்றன. மெல்லிய தட்டுகளில் காலரும் இருக்காது.

19. எல்லாம் சரியாகத்தான் போட்டேன், ஆனால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது. என்ன செய்வது?

முதலில் ஸ்பேசரை எடுத்துவிட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். நீண்ட ஸ்டட்டை விட்டுவைத்து ஸ்பேசரை மட்டும் எடுக்கும்போது, ஆறாம் விடையில் சொன்ன மூடிய நட் முட்டும் ஆபத்தை மறக்க வேண்டாம், திறந்த நட்டைப் பயன்படுத்துங்கள். நடுக்கம் நின்றால் குற்றம் ஸ்பேசரிலோ அது உட்காரும் விதத்திலோ இருக்கிறது. ஸ்பேசரின் தடிமனை மைக்ரோமீட்டரால் ஐந்தாறு இடங்களில் அளந்து, எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹப்பின் மூலையில் துருப்பொருக்கு ஒட்டியிருந்தாலும், பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் திருகின் தலை சற்றே நீட்டியிருந்தாலும் தட்டு சாய்ந்து உட்காரும். ஸ்பேசரின் உள்துளையின் விளிம்பைச் சற்றுச் சரிவாகக் கடைந்திருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் காலரின் அடியிலுள்ள வளைவில் இடித்துக்கொண்டு நிற்கும். ஸ்பேசரை எடுத்தும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் டயர் பேலன்ஸையும் பத்தாம் விடையிலுள்ள பேரிங் பூட்டலையும் பாருங்கள்.

20. ஜெர்மனியில் இதற்கு டியூஃப் (வாகனப் பரிசோதனை அமைப்பு) அனுமதி வேண்டுமா? எச் எழுத்துப் பதிவெண் போய்விடுமா?

ஸ்பேசர் என்பது வாகனத்தில் செய்யும் மாற்றம். உங்கள் காரின் வகைக்குச் செல்லுபடியாகும் சான்றிதழோடு வரும் ஸ்பேசரை வாங்கி, அந்தச் சான்றிதழ் கேட்கும் பரிசோதனையையும் பதிவையும் முடிக்க வேண்டும். பெயரில்லாத தட்டுகளுக்கு அந்தத் தாளே இருக்காது. எச் பதிவெண் குறைந்தது 30 ஆண்டு பழமையான, மூல நிலைக்கு நெருக்கமாகக் காக்கப்பட்ட கார்களுக்கு உரியது. அந்தக் காலத்திலேயே வழக்கிலிருந்த மாற்றம் என்பதைக் காட்டினால் பரிசோதகர் ஏற்க வாய்ப்பு அதிகம். வாங்குமுன் பரிசோதகரிடமே பேசுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

21. நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுழல்கிறது. வெல்டிங் வைத்து நிறுத்தலாமா?

வெல்டிங் வைக்கவே கூடாது. 10.9 எஃகு வெப்பப் பதத்தால் வலுப்பெற்றது. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தை அழித்து, தலையின் அருகே நொறுங்கும் இடத்தை உண்டாக்கும். நட்டை அறுத்தோ பிளந்தோ எடுத்துவிட்டு ஸ்டட்டை வெளியே தள்ளிப் பாருங்கள். பல்வரி தேய்ந்தது ஸ்டட்டில் மட்டும் என்றால் புதிய ஸ்டட் போதும். ஹப்பின் துளையே வழுவழுப்பாகிவிட்டது என்றால், ஏழாம் விடையில் சொன்னபடி அதில் எந்த ஸ்டட்டும் நிலையாகப் பிடிக்காது, ஹப்பை மாற்ற வேண்டும்.

அந்த ஹப்பிலுள்ள மற்ற நான்கு ஸ்டட்டுகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஒன்று சுழலும் அளவுக்கு வந்த இடத்தில் பெரும்பாலும் யாரோ இம்பாக்ட் துப்பாக்கியை வைத்திருப்பார்கள், அந்த அடி ஐந்திலும் விழுந்திருக்கும்.